படத்தில் இல்லாத மாப்பிள்ளை

செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகும் பஸ். முன் சீட்டில் போட்டோ ஸ்டுடியோக்காரரும் அவர் மனைவியும். அவள் கையில் அவளுடைய படம். படத்தில் அவளைச் சுற்றிலும் வெள்ளைக் கோடுகள்.

“எங்க நைனா நம்ம ரெண்டு பேரையும் சேத்து எடுத்து அனுப்பச் சொல்லிச்சு. இதுல நீ எங்கய்யா?”

“கதவ சாத்தி இருட்டாக்கி, கேமராவ தொறந்து வச்சிட்டு, டார்ச்ச புடிச்சிகினு உன்ன சுத்திச் சுத்தி வந்தேனே! அந்தக் கோடு பூரா நாந்தான். நிக்காம நடந்தா ஆளு விழாது, வெளிச்சந்தான் விழும்.”

“நைனா பொய்யின்னு சொல்லும்.”

“நம்ம ஸ்டுடியோ துணியில வரைஞ்சிருக்கற காரு பக்கத்துல நின்னு எடுத்துக்கறாங்களே, அத மட்டும் ஊரே நம்புது!”

அவள் கண்டக்டரிடம் பென்சில் வாங்கி, படத்தின் பின்புறம் எழுதி, கணவருக்கு வாசித்துக் காட்டினாள்:

“நைனா, என்னைச் சுற்றி இருப்பதெல்லாம் உங்கள் மாப்பிள்ளைதான்.”