மச்சானுக்கு எந்தத் தொட்டி

கடைக்குப் போகும்போது துணிப்பையைக் கையோடு எடுத்துப்போவது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை, சார். மறக்காமல் இருந்தால் போதும். நான் மூட்டை தூக்குகிறவன். கல் உடைக்கிற குடும்பத்தில் பிறந்தவன். வீணாக்குவதற்கு எங்கள் வீட்டில் எதுவும் இருந்ததில்லை. அதனால் வீணாக்கக் கூடாது என்று யாரும் சொல்லித் தந்ததும் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவிதான் சொல்லித் தந்தாள்.

எங்கேயோ கேட்டுவிட்டு வந்து, ஒருநாள் சமையலறையில் இரண்டு தொட்டி வைத்தாள். பச்சையில் மக்கும் குப்பை, நீலத்தில் மக்காத குப்பை. "இனிமே பூமி தாங்காதுங்க" என்றாள். தாங்காது என்றால் என்னவென்று என் முதுகுக்குத் தெரியும். உடனே ஒத்துக்கொண்டேன்.

ஷவரை விட்டு வாளிக்கு மாறினேன். வேலைக்கு நடந்தே போனேன். கொல்லையில் ஒரு குழி வெட்டி, காய்கறித் தோலும் சருகும் போட்டு, கிளறி, தண்ணீர் தெளித்து வளர்த்தேன். பிள்ளை இல்லாத வீடு. முதல் உரம் கருகருவென்று உதிர்ந்தபோது அவள் ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்து, "உங்க கைராசி" என்றாள். அதுவரை என் கையை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அவளுடைய அண்ணனும் எங்களோடுதான் இருந்தார். வீடு அவர் பெயரில். ஆளில்லாத அறையிலும் அவருடைய மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். தண்ணீரைக்கூட பாட்டிலில் வாங்கிக் குடித்துவிட்டு, பாட்டிலைப் பச்சைத் தொட்டியில் போடுவார்.

"மச்சான், இது மக்காது. நீலத்துல போடணும்."

"மக்கு வந்து சொல்லுது, மக்காதுன்னு."

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் நான் மக்குதான். சிரித்துவிட்டுப் போய்விடுவேன். அதையெல்லாம் ஒரு காரணமாக எழுதிக்கொள்ளாதீர்கள்.

பிறகு அவருக்குக் கார் ஆசை வந்தது. நிறுத்துவதற்குக் கொல்லை வேண்டும், அதற்குக் குழியை மூடி சிமென்ட் போட வேண்டும். மனைவி வெளியூர் போயிருந்த நாளாகப் பார்த்து மூட்டைகளை இறக்கினார்.

"கலக்கு மாப்ளே. நீதான் மூட்டையிலயே பொறந்தவனாச்சே."

"குழி உசுரோட இருக்கு மச்சான். வேற இடம் பாப்போம்."

"குப்பைக்கு ஏதுடா உசுரு? போடா மக்கு."

சிமென்ட் பூமிக்கு எவ்வளவு கேடு என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். மண்வெட்டி கையில் இருந்தது. புதிதாக எதுவும் வாங்கவில்லை. அவர் குழி ஓரத்திலேயே நின்றதால் வண்டியும் தேவைப்படவில்லை. கரண்ட் செலவும் இல்லை.

பிரிப்பதில்தான் நேரம் போயிற்று. ஆள் மக்குவார். சட்டை பருத்தி, அதுவும் மக்கும். பெல்ட், செல்போன், பல்செட் மக்காது. கழுவித் துடைத்து நீலத்தில் போட்டேன்.

சாயங்காலம் திரும்பி வந்த மனைவி, "அண்ணன் எங்கங்க?" என்றாள். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றேன். அவர் அப்படிப் போவது வழக்கம்தான் என்பதால் அவளும் சமைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் குப்பை வண்டி அக்கா கதவைத் தட்டினார். பல்செட்டை ஒரு காகிதத்தில் வைத்து நீட்டினார்.

"பெரியவரு தெரியாமப் போட்டுட்டாரு போல அண்ணே. பாவம், எதை வச்சு மெல்லுவாரு?"

மனைவி பல்லைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மத்ததெல்லாம் எங்கங்க?"

சரியாகப் பிரித்துத்தான் போட்டிருக்கிறேன் என்று கொல்லைப் பக்கம் கை காட்டினேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் போட்ட சத்தத்தில்தான் நீங்கள் வந்தீர்கள்.

ஆக, அவரைக் கொன்றது நான்தான். பூமிக்காகச் செய்தேன். கோபத்தில் செய்தது என்று எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன். விழுந்த பிறகும் எதற்காக அத்தனை வெட்டு என்று கேட்கிறீர்கள். கட்டியாகப் போட்டால் மக்காது, சார்.