பாலே உடுப்பும் பவளம் அக்காவும்

மேடையில் அமர்ந்திருக்கும் தமிழ்ச் சங்கத் தலைவர் திரு. மகாதேவன் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, முன்வரிசையில் மனைவியின் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் சுதர்சன் அண்ணா அவர்களே, செவன் ஹில்ஸிலிருந்தும் ஹோம்புஷிலிருந்தும் இந்தப் பென்டில் ஹில் மண்டபத்துக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே அமர்ந்திருக்கும் உறவுகளே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் ஹம்சா. ஈரோட்டுக்காரி. சிட்னியில் ஒரு பாலே நடனக் குழுவின் உடுப்பறையில், திருமதி பவளம் சுதர்சன் அவர்களுக்குப் பக்கத்து மேசையில் பத்தொன்பது ஆண்டுகள் தைத்தவள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். எனக்கு அவர் பவளம் அக்கா. போன செவ்வாய்க்கிழமை அவர் நம்மை விட்டுப் போனார். அழுவதற்காக நான் இங்கே வரவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

மேடை ஏறுவதற்கு முன் தலைவர் என்னை ஓரமாக அழைத்தார். "ஹம்சா, சேவையைப் பற்றி மட்டும் கதையுங்கோ. அந்த உடுப்புக் கதை இப்ப வேண்டாம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நானும் மரியாதையாகத்தான் தலையாட்டினேன். தலைவர் அவர்களே, அந்தத் தலையாட்டலை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அக்காவின் சேவை என்ன? எனக்குப் பின்னால் தொங்கும் இந்தத் திரை அவர் தைத்தது. தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாவுக்குப் பதினாறு வருடங்கள் பிள்ளைகள் போட்டு ஆடிய உடுப்பெல்லாம் அவர் தைத்தது. இரண்டு முறை அவருக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். நன்றி. ஆனால் மூன்று வருடங்களுக்கு முன் அவர் இந்தச் சங்கத்திடம் ஒன்றே ஒன்று கேட்டார். பொன்னாடையா கேட்டார்? முக்கால் மணி நேரம் கேட்டார். பாலே உடுப்பு, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெண்களின் உடையை எப்படி மாற்றியது என்று நாற்பது படங்களோடு ஓர் உரை. ஆறு வருடங்கள் நூலகங்களில் உட்கார்ந்து, கிழிந்துபோன பழைய உடுப்புகளைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்த்து அவர் எழுதிய உரை.

செயற்குழு என்ன பதில் எழுதியது? தொடை தெரியும் படங்களைக் குடும்பங்கள் வரும் மண்டபத்தில் காட்ட முடியாது என்று எழுதியது. வேண்டுமானால் ஒரு தையல் வகுப்பு எடுக்கலாம் என்று எழுதியது. அவருடைய கை வேண்டும், வாய் வேண்டாம். இதுதானே அந்தக் கடிதத்தின் பொருள்?

கடிதத்தில் எழுதாத காரணம் ஒன்றும் உலாவியது. பவளம் குடிக்கிறா. மதுக்கடையில் வோட்கா போத்தல்களோடு அவரைப் பார்த்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். உண்மைதான், வாங்கினார். பாலே உடுப்பைத் துவைக்க முடியாது, துவைத்தால் நெட் துணி தொய்ந்துவிடும். ஆடியவர்களின் வியர்வை வாடை போக உட்புறத்தில் வோட்கா தெளிப்போம். எத்தனையோ நாடுகளின் உடுப்பறைகளில் உள்ள பழக்கம் அது. "உடுப்புக்குத்தான்னு ஊர்ல சொல்லிடலாமேக்கா" என்று நான் கேட்டேன். "ஓம், கேட்டால் சொல்லுவன். ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லையே" என்றார். அந்தப் பேச்சு அவர் காதுக்கு வந்த நாளிலும் உங்கள் பிள்ளைகளின் உடுப்புக்குத்தான் அவர் சரிகை வைத்துக்கொண்டிருந்தார்.

சரி. இன்று நான் சொல்கிறேன். அக்காவின் உரையையே சுருக்கிச் சொல்கிறேன். படங்கள் இல்லை. தொடை எதுவும் தெரியாது, பயப்படாதீர்கள்.

போர்க்காலத்தில் அமெரிக்காவில் தோல் காலணிக்குப் பங்கீடு, அதாவது ரேஷன். நடனம் ஆடுபவர்களின் மெல்லிய பாலே சப்பாத்துக்குப் பங்கீடு இல்லை. அதைக் கவனித்த ஒரு பெண் வடிவமைப்பாளர், அந்தச் சப்பாத்துக்குக் கெட்டியான அடி வைக்கச் சொல்லி, தெருவில் போட்டு நடக்கும் காலணியாக்கினார். அதன் பிறகு, 1947இல், பாரிஸிலிருந்து இறுக்கிப் பிடித்த இடுப்பும் குடையாக விரிந்த பாவாடையும் வந்தன. இங்கே ஆஸ்திரேலியாவில் அப்போதும் துணிக்குக் கூப்பன். படத்தைப் பார்த்துப் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். அக்கா கேட்ட கேள்வி இதுதான்: அந்த உருவத்தை அதற்கு முன் அவர்கள் எங்கே பார்த்திருந்தார்கள்? பாலே மேடையில். உள்ளே கம்பி வைத்துத் தைத்த மேல்சட்டை, கீழே அடுக்கடுக்காக நெட். பயிற்சியில் குளிருக்குக் குறுக்கே கட்டும் சின்னக் கம்பளிச் சட்டைகூடப் பிறகு அலுவலகம் போகும் பெண்களின் தோளுக்கு வந்தது.

"புத்தகத்திலை ஆம்பிளையளின்ரை பேர்தான் பெரிசா இருக்கு" என்பார் அக்கா. "மேடையிலை ஆடினதும் பொம்பிளையள், பின்னாலை இருந்து தைச்சதும் பொம்பிளையள், ஆசைப்பட்டுப் போட்டதும் பொம்பிளையள். அந்தப் பேர் எங்கை?" ஆறு வருட ஆராய்ச்சி இந்த ஒரு கேள்விக்காகத்தான். இதில் எந்த வரி குடும்பங்கள் கேட்கக் கூடாத வரி?

தலைவர் அவர்களே, இங்கே நடந்த உங்கள் மகள் வர்ஷாவின் சாமத்திய வீட்டில், எங்கள் ஊர்ப் பேச்சில் மஞ்சள் நீராட்டு விழாவில், பிள்ளை மூன்றாவதாக மாற்றிக்கொண்டு வந்த ரோஸ் நிறக் கவுன் நினைவிருக்கிறதா? அக்கா தைத்துக் கொடுத்தது. ஐந்து அடுக்கு நெட். முதுகில் மூன்று வரிசை கொழுக்கி. ஒரே பாலே உடுப்பை உடல்வாகு வேறான மூன்று பேர் மாறி மாறிப் போட்டு ஆட முடிவது அந்த வரிசைகளால்தான். சாப்பாட்டுக்குப் பிறகு வர்ஷா மூச்சு விட முடியாமல் நின்றபோது, அக்கா ஒரு வரிசை தளர்த்திவிட்டார், பிள்ளை சிரித்தபடி படத்துக்கு நின்றாள். நானூறு பேர் கைதட்டினோம். பாலே உடுப்பு அன்று இதே மண்டபத்துக்குள் நடந்து வந்தது. அது வரலாம், அதன் கதை வரக் கூடாதா?

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் இருந்தேன். "வலிக்குதாக்கா?" என்று கேட்டேன். "நோகேல்லை, ஹம்சா. கதைக்காமல் போறன். அதுதான் கோவம்" என்றார். கவலை என்று சொல்லவில்லை. கோபம் என்றார். தலையணைக்கு அடியிலிருந்து, உரையும் படங்களும் இருந்த பென் டிரைவை எடுத்து என் கையில் வைத்தார். "நீர் கதையும். ஆனால் ஒருத்தரையும் கெஞ்சாதையும்" என்றார். எனக்கு அவர் சொன்ன கடைசி வார்த்தைகள் அவை.

ஆகவே நான் கெஞ்சவில்லை, அறிவிக்கிறேன். வரும் மாதம் இரண்டாவது ஞாயிறு, மாலை நான்கு மணிக்கு, இதே இடத்தில், நாற்பது படங்களோடும் பவளம் அக்காவின் உரை நடக்கும். அதன்பின் ஒவ்வொரு வருடமும் அவர் நினைவு நாளில் நடக்கும். மண்டபச் சாவி கிடைத்தால் உள்ளே நடக்கும். கிடைக்காவிட்டால் வாசலில், நீங்கள் செருப்புக் கழற்றும் இடத்தில், திரை கட்டிப் பேசுவேன். திரை தைக்க எனக்கும் தெரியும்.

சொல்லப்போனால் அந்த வாசல்தான் இந்த உரைக்குப் பொருத்தமான இடம். ஏன் தெரியுமா? உள்ளே வருவதற்கு முன் நான் அங்கே கொஞ்ச நேரம் நின்று எண்ணினேன். குதி இல்லாமல், வட்ட முனையோடு, முன்னால் குட்டியாக ஒரு முடிச்சு வைத்த பெண்களின் காலணி, முப்பத்தொரு சோடி. கறுப்பும் பழுப்பும்தான் அதிகம், தங்க நிறத்தில் ஒரு சோடி. அந்தத் தங்க நிறச் சோடி யார் வீட்டுச் சோடி என்று தலைவருக்குத் தெரியும். கடையில் என்ன பெயர் சொல்லி அதைக் கேட்டு வாங்குகிறீர்கள்? பாலே ஃபிளாட்ஸ் என்றுதானே? அந்தக் குட்டி முடிச்சு, ஆடும்போது கழன்றுவிடாமல் இழுத்துக் கட்டும் நாடாவின் மிச்சம். அக்காவின் நாற்பது படங்களில் அதுதான் முதல் படம்.

கூட்டம் முடிந்து வெளியே போகும்போது நீங்கள் எல்லோரும் அங்கே குனிவீர்கள். மூன்று வருடமாக இந்த மண்டபத்துக்குள் விடாத உரையை உங்கள் காலில் நீங்களே மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவீர்கள். அக்காவின் படத்துக்குப் பூ போதும் போதும் என்று குவிந்துவிட்டது. குனியும்போது அவர் பெயரை ஒருமுறை சத்தமாகச் சொல்லுங்கள்.