எழுபதுக்கும் அறுபத்தைந்துக்கும் நடுவில்

திருவொற்றியூர்க் கடற்காற்றில் எந்த இரும்பும் நிலைக்காது ஐயா. அதனால் என் பைக்கை வீட்டு ஹாலுக்குள்தான் நிறுத்துவேன். அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள். அவர்கள் வண்டிகளின் அடிப்பாகம் உதிர்ந்துகொண்டிருக்கும், அப்போதும் சிரிப்பார்கள். நான் எப்படிப்பட்டவன் என்று கேட்டீர்கள், அதற்காகச் சொன்னேன்.

என் பெயர் இக்னேஷியஸ். ராணுவச் சரக்கு விமானங்களின் வால்வுகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் தரச்சோதனைப் பொறியாளர். ஓடும் இன்ஜினிலிருந்து கொஞ்சம் சூடான காற்றைப் பிரித்து எடுப்பார்கள். இறக்கையில் பனி உறையாமல் காப்பதும், உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சுவிடக் கொடுப்பதும் அந்தக் காற்றுதான். அது அளவு மீறினால் குழாய் வெடிக்கும். மீறாமல் பிடித்து நிறுத்துவது எங்கள் வால்வு. அதற்கு அனுமதித்த உச்ச அழுத்தம் எழுபது பி.எஸ்.ஐ. பழைய வால்வுகளுக்கு அது அதிகம், அறுபத்தைந்தாகக் குறைக்க வேண்டும் என்று நான் சொன்னேன். ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னேன்.

மேலாளர் வரலட்சுமி கெட்டவர் அல்ல. பொறுமையாகக் கேட்பார். கேட்டுவிட்டு, “எழுபதுல ஒண்ணாவது உடைஞ்சிருக்கா இக்னேஷியஸ்? உடைஞ்சா சொல்லுங்க, நானே மேல பேசறேன்” என்பார். சுற்றி இருப்பவர்கள் பேனாவை மூடுவார்கள். கேன்டீனில் எனக்கு ‘அறுபத்தஞ்சு’ என்று பெயர் வைத்தார்கள். நான் தட்டோடு வந்தால், “அறுபத்தஞ்சுக்கு எடம் விடு மாமு” என்று யாராவது சொல்வார்கள். கத்தியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அவர்கள் என்னிடம் அன்பாக நடந்துகொண்டார்கள்.

அந்தக் கட்டடத்தில் என்னை நம்பியவன் ஜெயவேல் ஒருவன்தான். சோதனை அறையில் வால்வுகளைப் பூட்டிக் கழற்றுபவன். அவன் அண்ணன்கள் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறார்கள். இவன் மட்டும் கடலுக்குப் போகவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “கடல்ல எப்போ இன்னா ஆவும்னு தெரியாது சார். இங்க பிரஷர் கேஜு கீது, அது சொல்லிடும்” என்றான். நான் அறுபத்தைந்து என்றபோதும், “நீங்க சொன்னா கரீட்டாதான் சார் இருக்கும்” என்றான். காரணம் கேட்கவில்லை.

சம்பவத்தன்று விமானப் படையிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்திருந்தார்கள். பழைய வால்வு ஒன்றை அவர்கள் கண்முன் எழுபதில் நிறுத்திக் காட்ட அனுமதி வாங்கினேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் வால்வும் குழாயும். அழுத்தத்தை ஏற்றினேன். எழுபதில் நின்றது. காத்திருந்தோம். முள் அசையவில்லை, குழாயின் மூட்டு முனகக்கூட இல்லை. ஓர் அதிகாரி போனை எடுத்துப் பார்த்தார். “போதும் இக்னேஷியஸ், சாப்பாடு ஆறிடும்” என்றார் வரலட்சுமி. போகிறபோக்கில் என் தோளைத் தட்டினார்.

ஒரு குழாய் வெடித்தால் வேறு குழாய் போடுவார்கள். வரம்பை யாரும் தொடமாட்டார்கள். அது அவர்களுக்கு உறைக்க வேறொன்று வேண்டியிருந்தது. தோளைத் தட்டிய பிறகுதான் எனக்கு இது புரிந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். அழுத்தம் மீறினால் காற்றை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வைக் காலையிலேயே இறுக்கி அடைத்திருந்தேன் என்பது உண்மை. அதை முன்திட்டம் என்று எழுதாதீர்கள். எதற்கும் இருக்கட்டும் என்று செய்தது.

அவர்கள் முற்றத்தைக் கடந்துகொண்டிருந்தார்கள். எங்கள் வால்வு காற்றைத் தடுக்காதபடி அதை முழுக்கத் திறந்து வைத்து, அழுத்தத்தை ஏற்றினேன். நூறில் தாங்கியது. நூற்றிருபதிலும் தாங்கியது. உள்ளே அழுத்தம் இருந்தால் எரியும், அறைக் கதவின் சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு ஜெயவேலைக் கூப்பிட்டேன்.

“மூட்டுல காத்து கசியுதான்னு கையை வெச்சுப் பாரு.”

“பிரஷர் எறங்கிடுச்சா சார்?”

“இறங்கிடுச்சு.”

கேஜ் என் பக்கம் இருந்தது. அவன் அதை எட்டிப் பார்க்கவில்லை. உள்ளே போய், குனிந்து, மூட்டின் மேல் கை வைத்தான். சூடு என்று சொல்ல என் பக்கம் திரும்பினான் என்று நினைக்கிறேன். நூற்றைம்பதைத் தாண்டியதும் மூட்டு விட்டது. கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது, பிறகு எதுவும் தெரியவில்லை. வரலட்சுமி ஓடிவந்தார். எழுபதிலேயே விட்டுவிட்டது என்றேன். ஒருமுறைகூட அவர் என் பேச்சைக் கேட்க ஓடி வந்ததில்லை.

ஜெயவேலின் மனைவி மோகனப்ரியா ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நீங்க எம்மா தபா சொன்னீங்களாம் சார், இவனுங்க கேக்கலியாம்” என்றாள். ஆமாம் என்றேன். அது பொய் இல்லை.

போன வாரம் உத்தரவு வந்துவிட்டது. பழைய வால்வுகளுக்கு இனி அறுபத்தைந்துதான். இனி எத்தனையோ விமானங்கள் பத்திரமாக இறங்கும். அதை யாரும் என் கணக்கில் சேர்க்கமாட்டீர்கள், தெரியும்.

கொன்றது நான்தான். தெரிந்தே கூப்பிட்டேன், தெரிந்தே பொய் சொன்னேன். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன். எழுபதில் அது உடையவே இல்லையே என்று மறுபடி மறுபடி கேட்கிறீர்கள். வரலட்சுமி மாதிரியே கேட்கிறீர்கள். ஜெயவேல் உயிரோடு இருந்தால் உங்களுக்குச் சொல்லியிருப்பான், நான் சொன்னது சரி என்று.