வால் மட்டை

இல்லை ஐயா, அந்தக் கதிரை வேண்டாம். இப்பிடி யன்னலடியிலை இருங்கோ, முகத்திலை வெளிச்சம் படட்டும். கடிதத்தையும் மேசையிலை வையுங்கோ. தம்பிராசா அண்ணை தன்ரை மகள் அருந்ததியைப் பற்றி எழுதினதுதானே? நானும் வாசிக்கவேணும். பள்ளிக்கூடம் சோதிக்க வந்த வித்தியாதரிசி ஐயா வைக்கிற கையெழுத்திலைதான் நான் இனிப் படிப்பிக்கிறதும் விடுறதும் இருக்குது.

ஓம், உதுதான் அந்த மட்டையள். சவர்க்காரப் பெட்டி வெட்டிச் செய்தனான். கறுப்பு மையிலை எழுதினது தலை மட்டை. சிவப்பு, வால் மட்டை. கடல் எண்டு ஒரு பிள்ளை பிடிச்சுக்கொண்டு நிக்கும். இல் பிடிச்ச பிள்ளை பக்கத்திலை வந்து ஒட்டினால் கடலில். அதைத் தள்ளிப்போட்டு உக்கு வந்து நிண்டால் கடலுக்கு. முன்னுக்கும் உண்டு. பக்கம் எண்ட மட்டைக்கு முன்னாலை அ நிண்டால் அப்பக்கம், எ நிண்டால் எப்பக்கம். தெரியாத சொல் வந்தாலும் முன்னையும் பின்னையும் கழட்டிப் பாக்குங்கள். இரண்டாம் வகுப்பு ஐயா. வெங்காயத் தோட்டத் தறைக்குள்ளாலை மண் காலோடை வாறதுகள்.

வாயாலை சொல்ல விடுறேல்லையோ எண்டுதானே கேக்கிறியள்? போன முறை வந்த ஐயாவும் அதைத்தான் கேட்டவர். சத்தமில்லாத வகுப்பு எண்டு மெச்சி எழுதிப்போட்டும் போனவர்.

அருந்ததி கெட்டிக்காரி. மட்டை அடுக்குறது அவளின்ரை வேலை. போன செவ்வாய்க்கிழமை மணி அடிச்சாப்போலை மட்டையளைக் கொண்டு சாமான் அறைக்குள்ளை போயிருக்கிறாள். எல்லாரும் போயிட்டினம் எண்டு நான் அந்த அறைக் கதவைப் பூட்டினன். பூட்டிப்போட்டு பஸ்சுக்கு நடந்திட்டன்.

வாசிச்சிட்டன் ஐயா, கடிதத்திலை இருக்கிறது பொய்யில்லை. பிள்ளை கதவிலை அடிச்சதாம், ரீச்சர் ரீச்சர் எண்டு கத்தினதாம், நான் வெளியிலை நிண்டு பூட்டிலை திறப்பைச் சுழட்டிக்கொண்டே இருந்தனாம். சரிதான். கதவுக்கும் எனக்கும் ஒரு சாண்கூட இல்லை.

பின்னேரம் பள்ளிக்கூட வளவிலை கட்டின ஆடு அவிழ்க்க வந்த மார்க்கண்டர்தான் கண்டது. அதுக்கிடையிலை பிள்ளைக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு. மட்டையளை ஒவ்வொண்டாய்க் கதவுக்குக் கீழாலை வெளியிலை தள்ளியிருக்குது. வகுப்பிலை மட்டையை நீட்டினால்தானே நான் திரும்பிப் பாக்கிறனான். விறாந்தையிலை பதினேழு மட்டை கிடந்ததாம்.

பெரிய வாத்தியாரிட்டைச் சொன்னதுதான், ஓம். குழப்படிக்குத் தண்டனையாய்ப் பூட்டினனான் எண்டு சொன்னன். பிள்ளை ஒரு குழப்படியும் செய்யேல்லை. அடிக்கிற ரீச்சரை, பூட்டுற ரீச்சரை வேறை பள்ளிக்கூடத்துக்கு மாத்துவினம், அவ்வளவுதான். மற்றதைச் சொன்னால் எந்தப் பள்ளிக்கூடமும் இல்லை. எனக்கு இதைவிட வேறை ஒண்டும் செய்யத் தெரியாது ஐயா.

மற்றதோ? மூண்டு வரியத்துக்கு முதல் எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. எழும்பிப் பள்ளிக்கூடம் வந்தால், பிள்ளையள் சொல்லுறதிலை தலை கேக்குது, வால் கேக்கேல்லை. கடல் எண்டு விளங்கும். கடலுக்கோ கடலிலையோ, அது தெரியாது. அதுக்குத்தான் உந்த மட்டையளை வெட்டினது. மெச்சி எழுதின ஐயாவுக்கு நான் அதைச் சொல்லேல்லை. இந்த வரியம் தலையும் கேக்காமல் போயிட்டுது. நீங்கள் வந்து இருந்த நேரந்தொடக்கம் உதட்டைப் பாத்துக் கொஞ்சம், வழமையாய்க் கேக்கிறதை நினைச்சுக் கொஞ்சம், அப்பிடித்தான் மறுமொழி சொல்லிக்கொண்டிருக்கிறன்.

எழுதுங்கோ, எழுதுங்கோ. அதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை.

பிள்ளை என்னைக் கண்டால் தகப்பனுக்குப் பின்னாலை ஒளிக்குது. தான் கூப்பிட்டது எனக்குக் கேட்டது, கேட்டுக்கொண்டுதான் நான் போனனான் எண்டு நினைச்சுக்கொண்டிருக்குது. நான் கிட்டப் போய்ச் சொல்ல விடாது. போற வழியிலை அவையின்ரை வீட்டடியிலை கொஞ்சம் இறங்கி, அவளிட்டை மட்டும் சொல்லிவிடுங்கோ. ரீச்சருக்குக் கேக்கேல்லை எண்டு.