குண்டுக் குடுவை

பஹ்மியா: இதும் இல்லையா, அக்கா? ஒர்கானிக் கெமிஸ்ட்ரி பிரக்டிகல் புஸ்தகம் என்ட கடையில ஈக்கிறது இந்த மூணுதான்.

பத்மாவதி: எல்லாம் இங்கிலிசில கிடக்கு, தங்கச்சி.

பஹ்மியா: கெம்பஸுல இங்கிலிசிலதானே படிப்பிக்கிறாங்க. படிக்கிறது மகனா? எந்த வருசம்?

பத்மாவதி: ரெண்டாம் வருசம். ஆனா எனக்குத் தமிழ்ப் புத்தகம்...

பஹ்மியா: உங்களுக்கா?

பத்மாவதி: இல்லையில்லை, அவனுக்குத்தான். ஒரு கொப்பியும் வேணும். ஒரு பக்கம் கோடு, மற்றப் பக்கம் வெள்ளை.

பஹ்மியா: பிரக்டிகல் கொப்பி. நூறு பக்கமா, இருநூறா?

பத்மாவதி: எதெண்டாலும்... அந்த வெள்ளைப் பக்கத்தில பிள்ளையள் என்ன கீறுறவை?

பஹ்மியா: லேபுல பாவிக்கிற சாமான் படம். ஏன் கேக்கிறீங்க?

பத்மாவதி: எல்லாப் பிள்ளையளும் கீறுறவையோ? இவன் மட்டும் இல்லையே?

பஹ்மியா: எல்லாரும்தான். அக்கா, எனக்கு ஒன்டும் வெளங்கல்ல. மகன் லிஸ்ட் எழுதித் தரல்லையா?

பத்மாவதி: அவனைக் கேக்க ஏலாது... பழைய தமிழ்ப் புத்தகமும் இல்லையோ? குண்டுக்—

பஹ்மியா: ஷ்ஷ்! மெதுவா! வாசல்ல ஆமிக்காரன் நிக்கிறான்.

பத்மாவதி: குடுவை, தங்கச்சி. குண்டுக் குடுவை. அடி உருண்டையா இருக்குமே, கண்ணாடிப் போத்தல்...

பஹ்மியா: ரவுண்ட் பொட்டம் ஃபிளாஸ்க்கா? அத இப்படியா செல்லுவாங்க?

பத்மாவதி: எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்தில அப்பிடித்தான் படிப்பிச்சவை. அந்தப் படமும், கீழ அந்தச் சொல்லும் அச்சில இருக்கிற புத்தகம் வேணும். இண்டைக்கே வேணும்.

பஹ்மியா: படம் வேணும்... சொல்லு வேணும்... படிக்க வேணாமா?

பத்மாவதி: படிக்க இல்லை, தங்கச்சி. காட்டுறதுக்கு.

பஹ்மியா: அக்கா? இந்த ஸ்டூல்ல இருங்க. என்ன நடந்தது?

பத்மாவதி: அவனைப் பொலிஸ் பிடிச்சு எட்டு நாள். எங்கட லொட்ஜில செக்கிங். கொப்பியில இவன் தனக்கு விளங்க வேணுமெண்டு தமிழில எழுதி வச்சிருக்கிறான், குண்டுக் குடுவையை ஐசுக்குள்ள வைக்கவும் எண்டு. ஆரோ அதைச் சிங்களத்துக்கு மாத்தேக்க குண்டு வந்திட்டுது, குடுவையைக் காணேல்லை.

பஹ்மியா: யா அல்லாஹ்! வெடிகுண்டுன்டு எழுதிட்டாங்களா?

பத்மாவதி: ஓம். பக்கத்தில கீறின படமும் குண்டுதானாம். அச்சடிச்ச புத்தகத்தைக் காட்டினா நீதவான் நம்புவார் எண்டு லோயர் ஸ்ரனிஸ்லாஸ் சொன்னவர். நாளைக்குக் கோட்ஸ்.

பஹ்மியா: கொஞ்சம் பொறுங்க. மேல் தட்டுல பழைய கட்டொன்டு... இது பௌதிகம்... இதும் பௌதிகம்... ஆ, சேதன இரசாயனம், ஒர்கானிக்தான், செய்முறை! பாருங்க, இந்தப் பக்கம்.

பத்மாவதி: கண்ணாடி கொண்டுவரேல்லை. வாசியுங்கோ.

பஹ்மியா: "உரு நான்கு. குண்டுக் குடுவை." படத்துக்கு நேர கீழ.

பத்மாவதி: திரும்ப ஒருக்கா...

பஹ்மியா: குண்டுக் குடுவை. அழாதீங்க, அக்கா... மகன்ட பேர் தயாபரனா?

பத்மாவதி: நான் பேர் சொல்லேல்லையே.

பஹ்மியா: போன கிழமை பொலிஸ்காரங்க ரெண்டு பேர் ஃபோட்டோ கொண்டுவந்து காட்டினாங்க. லேபுக்குத்தான் கொப்பி, இந்தக் கடையிலதான் வாங்கினன்டு உங்கட மகன் சென்னாராம். உண்மைதான். என்ட கையாலதான் எடுத்துக் குடுத்தன். ஆனா அவங்களக் கண்ட பயத்துல... ஆளையே தெரியாதுன்டு செல்லிட்டன். அதுக்குப் பொறகு தூக்கமே இல்ல. நாளைக்கு நானும் கோட்ஸுக்கு வரவா?

பத்மாவதி: வாங்கோ. நீங்கள் தெரியாதெண்டு சொன்னதைப் பொலிசில எனக்கு வாசிச்சுக் காட்டினவை, தங்கச்சி. வெள்ளவத்தையில எத்தினை புத்தகக் கடை... எல்லாத்தையும் தாண்டி உங்களைத் தேடித்தான் வந்தனான். எப்பிடிக் கேக்கிறதெண்டுதான் தெரியேல்லை.