லேப்டாப் எழுந்த காலை

கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் கிளம்பியபோது, எதிர் சீட்டில் கம்பெனி யூனிஃபார்ம் அணிந்த பெண் போனில் சொன்னாள்: "சாவலய்யா அது. எங்கேர்ந்து எழுந்துக்கணும்னு தெரியாம முழிச்சிகினு கீது."

வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்பில் முந்தின நாள்தான் விண்டோஸை எடுத்துவிட்டு, பென்டிரைவ் வழியாக லினக்ஸ் போட்டிருக்கிறாள். பத்து மணிக்கு அதில் மகளுக்கு வேலை இன்டர்வியூ. ஸ்பீக்கரில் கணவர் பதறினார்: "ஸ்கிரீன் கறுப்பாவே கீதே!"

"நேத்து சொருகின பென்டிரைவைப் புடுங்கு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, எஃப் டூ பட்டனைத் தட்டிக்கினே இரு. எதுலேர்ந்து எழுந்துக்கணும்னு லிஸ்ட்டு வந்துச்சா? லினக்ஸை மேல ஏத்தி எஃப் டென் அமுக்கு."

ஸ்பீக்கரில் பட்டன் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு மகளின் குரல் வந்தது: "அம்மா, வந்துடுச்சி!"

"வரும்னு தெரியும். பயப்படாம பேசு."

போனை வைத்ததும், தினமும் கூட வருபவள் போல அவள் பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்: "அக்கா, உன் கம்பெனி இருக்குற பரனூர் போயிடுச்சே, நீ எறங்கலியா?"

"பாத்துகினுதான் இருந்தேன். எறங்கியிருந்தா கூட்டத்துல அவரு சொல்றது கேட்டிருக்காது."