கொம்பெல்லாம் முளைக்காது

சங்கத் தீர்மானம் எங்கயும் ஓடிடாது, அப்புறம் படிக்கலாம். இப்ப ஒரு சின்ன சம்பவம் சொல்றேன், கேளுங்க... கடைசி வரிசை, போனை உள்ள வைங்கப்பா!

அப்ப நான் ஒரு ஜவுளிக்கடையில பட்டுப் பிரிவு சூப்பர்வைசர். என் கவுண்டர்ல பிலோமினா, உமையாள்னு ரெண்டு பேர். ஆடித் தள்ளுபடி, கூட்டம்னா கூட்டம். கீழ விழுந்த புடவையை எடுக்க ரெண்டு பேரும் குனியுறாங்க. உமையாள் எடுத்துட்டு விருட்டுனு நிமிர்றாங்க... ‘ணங்’னு ஒரு சத்தம்! உமையாள் உச்சந்தலை, பிலோமினா நெத்திப்பொட்டுல.

பிலோமினா அப்படியே உக்காந்துட்டாங்க. நாங்க என்ன செஞ்சோம்? சிரிச்சோம்! “ஒரு தடவை முட்டினா கொம்பு முளைக்கும், இன்னொரு தடவை முட்டிக்கோங்க!” உமையாளும் விளையாட்டா மறுபடி ஒரு முட்டு. அப்படி முதல்ல சொன்ன ஆளு யாரு? நான்தான்.

பத்து நிமிஷம் கழிச்சு ஒரு அம்மா கத்துறாங்க. “ஏம்மா, இந்த மாம்பழக் கலரையே மூணு தடவை காட்டுறே? வேண்டாம்னு சொன்னேன்ல?”

“அப்படியாக்கா? இப்பத்தானே எடுத்தேன்...”

நான் பாய்ஞ்சு போனேன். “என்ன பிலோமினா, கனவா?”

“இல்ல சார்... லைட்டு கண்ணைக் கூசுது.”

“ரத்தம் இல்ல, வீக்கம் இல்ல. தைலத்தைத் தேய்ச்சுட்டு வேலையைப் பாரு!” எப்படி என் வைத்தியம்?

உமையாள் சொன்னாங்க, “சார், கண்ணை மூடிக்கிட்டே புடவை மடிக்கிறவ இவ. இப்ப முந்தானை எங்கன்னு தேடுறா. ஆஸ்பத்திரிக்குப் போகணும்.” சொல்லி முடிக்கல, பிலோமினா வாந்தி எடுத்துட்டாங்க. அப்பவும் நான், “காலையில சாப்பிட்டிருக்க மாட்டா...”

“சார், நான் பர்மிஷன் கேக்கல. தகவல் சொல்றேன்.” ஆட்டோ கூப்பிட்டுட்டாங்க. நானும் முணுமுணுத்துக்கிட்டே ஏறினேன்.

ஸ்கேன் எடுத்தாங்க. டாக்டர் சொன்னார், “நல்லவேளை, உள்ள ரத்தக்கசிவு இல்ல. மூளை குலுங்கியிருக்கு. நல்லா ஓய்வு எடுக்கணும். தலைவலி கூடினாலோ, மறுபடி வாந்தி வந்தாலோ, எழுப்பியும் எழுந்திரிக்கலைன்னாலோ உடனே தூக்கிட்டு வாங்க. குணமாகுறதுக்குள்ள இன்னொரு அடி மட்டும் தலையில படவே கூடாது. உயிருக்கே ஆபத்தாகலாம்.”

உமையாள் தலையில கை வச்சுக்கிட்டாங்க. “டாக்டர்... அந்த இன்னொரு அடியை... நானே குடுத்துட்டேன். கொம்பு முளைக்கும்னு...”

டாக்டர் எங்களைப் பார்த்தார் பாருங்க ஒரு பார்வை... எனக்கு மூஞ்சியை எங்க வச்சுக்கறதுன்னே தெரியல.

மூணு வாரத்துல பிலோமினா தேறி வந்துட்டாங்க. வந்ததால இதைச் சிரிச்சுக்கிட்டே சொல்றேன். வரலைன்னா?

அதனால சொல்றேன்... கொம்பெல்லாம் முளைக்காது. தலையில அடிபட்டப்ப நான் ரத்தம் வருதான்னு பார்த்தேன், உமையாள் ஆளைப் பார்த்தாங்க. நீங்களும் ஆளைப் பாருங்க. சொன்னதையே சொல்றாங்களா? வெளிச்சம் கூசுதா? குமட்டுதா? தெரிஞ்ச வேலை கைக்கு வரலையா? நேரா ஆஸ்பத்திரி! சூப்பர்வைசர் கத்துவான். கத்தட்டும்... அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அதுக்கு நானே சாட்சி.